சந்தியிலே கைகாட்டி வேண்டும்

எங்கள் அயலிலே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வசிக்கின்றார். அவருடைய ஒரே மகன் குடும்பத்துடன் கடல் கடந்த நாடொன்றில் வாழ்கின்றார். பேரப்பிள்ளையின் முகத்தைக் காண்பதற்குப் பெரியவருக்கு உள்ள ஒரே சாளரம் கைத்தொலைபேசிதான். பழைய தொலைபேசி பழுதுபட்டமையால் அண்மையிற் புதியதொன்றை வாங்கினார். அதிலுள்ள செயலிக் கடையுட் புகுந்து, தாம் அறிந்த செயலியின் பெயரைத் தட்டினார். ஒன்றுக்கு ஐந்தாய் வந்து நின்றன. கைக்கு எட்டியதை எடுத்து நிறுவினார். பேரனின் முகம் வரவில்லை, விளம்பரங்களே வந்தன. இரண்டு நாள் போராடிய பின் என்னிடம் வந்து, “தம்பி, பேரும் அதுதான், படமும் அதுதான். பிறகு எங்கே பிழைச்சது?” என்று கேட்டார்.

நெடுங்காலம் பிறருடைய பிழைகளைத் திருத்தியவர் அவர். அத்தகையவரே ஏமாந்தார் என்றால், குறையை அவருடைய அறிவின்மீது சுமத்துதல் முறையாகாது. வழி காட்ட வேண்டியவர்கள் தெளிவாகக் காட்டினார்களா என்பதையும் நாம் கேட்டல் வேண்டும்.

அப்பிள் நிறுவனம் தனது செயலிக் கடையை 2008 ஆம் ஆண்டு யூலை 10 ஆந் திகதி திறந்தபோது, அங்கே ஏறத்தாழ 500 செயலிகளே இருந்தன. அன்ட்ரொயிட் தொலைபேசிகளுக்குரிய கடை அவ்வாண்டு ஒக்டோபரிலே திறக்கப்பட்டது. அதுவே 2012 இல் ‘கூகிள் பிளே’ என்னும் பெயரைப் பெற்றது. இன்றோ ஒவ்வொரு கடையிலும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட செயலிகள் உள்ளன. பதிவுக் கட்டணஞ் செலுத்தி எவரும் தம் சரக்கை அங்கே கொண்டுவரலாம். கடைக்காரர் அதனைப் பரிசோதிப்பது உண்மையே. ஆயினும் பரிசோதகர் கண்ணில் மண்ணைத் தூவுவோரும் இல்லாமலில்லை.

2017 ஆம் ஆண்டு நவம்பரில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். வட்ஸ்அப் செயலியைப் புதுப்பிப்பது போன்ற பெயருடன் போலியொன்று கூகிள் கடையிலே புகுந்தது. வெளியிட்ட நிறுவனத்தின் பெயரும் உண்மையான நிறுவனத்தின் பெயராகவே தோன்றியது. சூழ்ச்சி யாதெனில், அப்பெயரின் ஈற்றிலே கண்ணுக்குப் புலப்படாத வெற்றிட எழுத்தொன்றைச் சேர்த்திருந்தார்கள். கணினிக்கு அவை இரு வேறு பெயர்கள். மனிதக் கண்ணுக்கோ ஒன்றே. கண்டுபிடித்து அகற்றுவதற்கு முன் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தடவைகள் அது தரவிறக்கஞ் செய்யப்பட்டுவிட்டது. எங்கள் தலைமையாசிரியர் தனியாள் அல்லர் என்பது இப்பொழுது விளங்கும்.

விளம்பரத்தோடு போனாற் பெரிய நட்டமில்லை. 2024 ஆம் ஆண்டு பெப்ரவரியில், கடவுச்சொற்களைப் பூட்டிக் காக்கும் ‘லாஸ்ட்பாஸ்’ என்னும் செயலிக்கு ஒரு போலி, அப்பிள் கடையிலே காணப்பட்டது. பெயரில் ஆங்கில எழுத்தொன்று மாத்திரமே மாறியிருந்தது. கடவுச்சொற் பெட்டகத்திற் போலி எத்தகைய ஆபத்து என்பதை விரித்துக் கூற வேண்டியதில்லை. வீட்டின் திறப்புக் கோவையையே அந்நியன் கையிற் கொடுப்பது போன்றது அது. உண்மையான நிறுவனம் செய்தது பாராட்டத்தக்கது. போலியின் பெயரையும் அதனை வெளியிட்டவராகக் காட்டப்பட்ட பெயரையும் எடுத்துக் கூறி, மெய்யான செயலிக்கு நேரே செல்லும் இணைப்பையும் சேர்த்துத் தனது தளத்தில் அறிவித்தல் வெளியிட்டது.

மௌனமும் தீங்கு விளைவிக்கும். 2016 ஆம் ஆண்டு யூலை முற்பகுதியில் ‘போக்கிமொன் கோ’ என்னும் விளையாட்டு முதலிற் சில நாடுகளில் மாத்திரமே வெளிவந்தது. ஏனைய நாட்டு இளைஞர்கள் பொறுக்கமாட்டாமற் கடைக்கு வெளியே கிடைத்த பிரதிகளை நாடினார்கள். அவ்வாறு உலவியவற்றுள், தொலைபேசியைப் பிறர் தொலைவிலிருந்து இயக்க வழிசெய்யும் கள்ள மென்பொருள் கலந்த பிரதியொன்றைப் பாதுகாப்பு வல்லுநர்கள் கண்டறிந்தார்கள். “உங்கள் நாட்டுக்கு இன்னும் வரவில்லை, பிற இடத்திற் கிடைப்பது எம்முடையதன்று” என்னும் அறிவித்தல், அவர்கள் தேடும் இடத்திலேயே கண்முன் நிற்றல் வேண்டும். எல்லோரும் கேட்கமாட்டார்கள், சிலராவது கேட்பார்கள்.

இல்லாததை இல்லை என்று சொல்லுவதற்கு நல்ல எடுத்துக்காட்டு ‘கீபாஸ்’ என்னும் இலவச மென்பொருள். அதனை ஆக்கியோர் முதன்மையாக வின்டோஸ் கணினிக்காக அதனை வெளியிடுகின்றனர். கைத்தொலைபேசிகளில் வழங்குபவை பிறர் ஆக்கியவை. அவர்களுடைய தரவிறக்கப் பக்கத்திலே, தம்முடையவை ஒரு பகுதியாகவும், பிறர் ஆக்கிய அதிகாரபூர்வமற்றவை வேறொரு பகுதியாகவும் பிரித்துத் தலைப்பிட்டு வைத்திருக்கின்றார்கள். வாசிப்பவன் எது எவருடையது என்று தெரிந்தே எடுக்கின்றான்.

மென்பொருளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவோர் பெரும்பாலும் “எமது செயலியைக் கடையிற் பெற்றுக்கொள்ளுங்கள்” என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுகின்றனர். ஊருக்குப் புதியவனிடம் “சந்தியிலே விசாரித்துப் போ” என்று சொல்வது போன்றது இது. சந்தியிலே நிற்பவன் கள்வனாயிருந்தால் என் செய்வது? செயலியின் சரியான பெயர், வெளியிடும் நிறுவனத்தின் பெயர், ஒவ்வொரு கடையிலும் அதன் பக்கத்துக்கு நேரே செல்லும் இணைப்பு, எந்தத் தொலைபேசிக்கு உண்டு, எதற்கு இல்லை, குறிப்பு எழுதிய திகதி ஆகிய இவ்வளவும் முதற் பக்கத்திலேயே இருத்தல் வேண்டும்.

இணைப்பை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பெயரையும் படத்தையும் போலி செய்யலாம். ஆனால், கூகிள் கடையிலே ஒவ்வொரு செயலிக்கும் ஓர் அடையாளப் பெயர் உண்டு. வட்ஸ்அப்புக்கு அது ‘கொம்.வட்ஸ்அப்’ என்பதாகும். ஒரே அடையாளப் பெயரை அக்கடையில் இரண்டு செயலிகள் பெற முடியாது. நேரான இணைப்பு அந்த அடையாளப் பெயரைச் சுமந்தே செல்கின்றது.

ஆகவே, குடும்பத்தவர்களுக்கு நாம் கூறத்தக்கது இதுவே: கடையிலிருந்து தேடத் தொடங்காதீர்கள், ஆக்கியோரின் வீட்டிலிருந்து கடைக்குச் செல்லுங்கள். வங்கிச் செயலி வேண்டுமாயின், வங்கிப் புத்தகத்தில் அச்சிடப்பட்டுள்ள இணையத்தள முகவரியைப் பார்த்துத் தட்டுங்கள். அங்கிருந்து செல்லும் இணைப்பைத் தொடுங்கள். யாரோ அனுப்பிய குறுஞ்செய்தியிலுள்ள இணைப்பு நேரான இணைப்பு ஆகாது. ஐயமிருப்பின் வங்கிக்கு நேரிற் சென்று கேளுங்கள், அதில் வெட்கமில்லை.

மாணவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாவிக்கும் செயலிகளின் பெயர், வெளியிடுவோர் பெயர், முகவரி ஆகியவற்றை ஆராய்ந்து, பெரிய எழுத்திலே, நல்ல தமிழிலே, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தொலைபேசியை வாங்கி நீங்களே தட்டிக் கொடுத்துவிடுதல் எளிது. ஆயினும் நீங்கள் வீட்டில் இல்லாத நாளில் அவருக்கு உதவுவது அந்தத் தாள்தான்.

தலைமையாசிரியருக்கு அத்தகைய தாளொன்றை என் மாணவன் ஒருவன் எழுதிக் கொடுத்தான். போலியை நீக்கிவிட்டு, தாளைப் பார்த்துத் தாமே மெய்யானதை நிறுவிக்கொண்டார். அன்றிரவு பேரனைக் கண்டதாக மறுநாட் காலை வேலியோரம் நின்று சொன்னார். தாளில் இருந்த இரண்டு எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையினால் திருத்தியும் வைத்திருந்தார்.