வீட்டுக் கணினி – 14: அந்த அறுபத்தெட்டு எழுத்து

ஒற்றுநிரல் எந்த வழியாக உள்ளே நுழைகிறது என்பதைப் போன வாரமே பார்த்துவிட்டோம். இந்த வாரம் போலி எச்சரிக்கைகள் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல்மாடி மாமா கூப்பிட்டார்.

அம்பர்நாத் ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் போனபோது, எங்கிருந்தோ இலவசமாக இறக்கிய ஸ்கேனர் ஒன்று திரையில் ‘43 அச்சுறுத்தல்கள்’ என்று சிவப்பில் காட்டிக்கொண்டிருந்தது. மாமி நெட் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். அது சரியான முதல் காரியம்.

“பென்ஷன் கணக்கை இதுலதான் பார்க்கிறேன். எல்லாம் போயிடுச்சா தம்பி?”

பட்டியலைத் திறந்தோம். 40 வரிகள் குக்கீ. நாம் பார்த்த தளம் நம்மை அடையாளம் வைத்துக்கொள்ள எழுதிப்போட்டுப் போகும் சின்னக் குறிப்பு அது. விளம்பரக்காரர்கள் அதை வைத்து நம் பின்னாலேயே வருவார்கள், எரிச்சல்தான். ஆனால் குக்கீ நிரல் அல்ல, தானாக ஓடாது, பாஸ்வேர்டைத் தட்டும்போது எட்டிப் பார்க்காது. அழித்தால் தீர்ந்தது. இரண்டு வரிகள் பிரவுசரில் ஒட்டிக்கொண்ட டூல்பார். நீக்கினோம். மிச்சம் ஒன்று. அது ட்ரோஜன் என்ற பெயரோடு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருந்தது. லீவுக்கு வந்த பேரன், விலை கொடுக்க வேண்டிய ஒரு சாஃப்ட்வேரை ஓசியில் திறக்க இறக்கிய கள்ளச்சாவி நிரல். அந்த மாதிரிப் பொருளோடு வரும் குறிப்பு, ஆன்டிவைரஸை முதலில் அணைத்துவிடச் சொல்லும். பையன் விண்டோஸின் டிஃபெண்டரை அணைத்திருந்தான்.

அதை மறுபடி போட்டேன். போட்டால் போதுமா? அது விழித்திருக்கிறதா என்று தெரிய வேண்டாமா? இங்கேதான் இந்த வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம் வருகிறது: ஐகார் சோதனைக் கோப்பு.

ஐகார் என்பது ஆன்டிவைரஸ் ஆராய்ச்சிக்கான ஐரோப்பிய அமைப்பு. அதன் பெயரில் வழங்கும் இந்தக் கோப்பு மொத்தம் 68 எழுத்துதான். ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், குறிகள், அவ்வளவே. கீபோர்டில் கையால் தட்டிவிடலாம். பார்த்தால் குழந்தை கிறுக்கியது போல இருக்கும். ஆனால் பழைய டாஸ் கணினியில் அது ஒரு முழு நிரல்: ஓடும், திரையில் தன் பெயரை எழுதும், நின்றுவிடும். யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாது. உலகத்து ஆன்டிவைரஸ் கம்பெனிகள் இதைப் பார்த்தால் வைரஸைப் பார்த்த மாதிரியே கத்துவது என்று தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. நிஜ வைரஸைத் தொடாமல் காவலைச் சோதிக்க அதுதான் வழி. மேட்ரிட் முதல் மாட்டுங்கா வரை அதே 68 எழுத்து! எவ்வளவு அழகான ஏற்பாடு!

போனில் பார்த்து நான் வாசிக்க, நோட்பேடில் மாமா ஒரு விரலால் தட்டினார். சேமித்தோம். சத்தமே இல்லை. மாமா முகம் வெளுத்துவிட்டது. திரும்பப் பார்த்தால், மூன்றாவது எழுத்தில் ‘ஓ’வுக்குப் பதில் சைபர். திருத்திச் சேமித்த நொடியில் டிஃபெண்டர் பாய்ந்து வந்தது. ‘கடுமையானது’ என்று முத்திரை குத்தி, கோப்பையும் பறித்துக்கொண்டது.

ஒரு வட்டம் மாறியதும் அடையாளம் போய்விட்டது. தீங்கே செய்யாத கோப்புக்கு உச்ச எச்சரிக்கை. ஸ்கேனர் பெரும்பாலும் முகத்தைப் பார்த்துச் சொல்கிறது. உள்ளே இருப்பது என்ன செய்யும் என்பதை நாம்தான் விசாரிக்க வேண்டும். ஆள் தவறிப் பிடிப்பதும் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பையே வைரஸ் என்று தூக்கியது. கம்பெனிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன.

அதனால் 43 என்ற எண்ணைப் பார்க்காதீர்கள். பெயரைப் பாருங்கள். காஸ்பர்ஸ்கி ஆன்டிவைரஸ், தான் பிடிப்பதில் சிலவற்றின் பெயருக்கு முன்னால் ‘வைரஸ் அல்ல’ என்றே ஆங்கிலத்தில் போடும். எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பாருங்கள். அழித்துவிட்டுக் கணினியை அணைத்துப் போடுங்கள். திரும்ப வருகிறதா?

மாமாவின் நாற்பத்து மூன்றாவது திரும்ப வந்தது. கணினி எழும்போதே தானும் எழும்படி ஸ்டார்ட்அப்பில் இடம் பிடித்திருந்தது. அதற்கு மேல் அந்தக் கணினியை நம்ப முடியாது. மாமியின் போனிலிருந்து முதலில் மெயில், பிறகு பேங்க் என்று பாஸ்வேர்டுகளை மாற்றினோம். பேங்க்குக்கும் சொல்லிவிட்டோம். பணம் போகவில்லை. போயிருந்தால் அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடித்திருப்போம். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திராவில் இலவசத் துப்புரவுக் கருவிகள் கிடைக்கின்றன. ஆனாலும் பென்ஷன் பார்க்கும் கணினி என்பதால், பேரக்குழந்தைகளின் போட்டோக்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு புதன்கிழமை விண்டோஸைப் புதிதாகப் போடுகிறோம். அதுவரை நெட் ஒயர் மாமியிடம்தான்.

போன் நம்பரோடு வந்து அலறும் போலி எச்சரிக்கைகள் அடுத்த வாரம்.