கரிசல் நிலத்தில் வீட்டு நாய் வளர்ப்பு: கன்னியும் சிப்பிப்பாறையும்

கன்னி, சிப்பிப்பாறை ஆகியவை தென் தமிழ்நாட்டின் கரிசல் நிலத்தைச் சேர்ந்த நாட்டு நாய் இனங்கள். தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் வட்டாரங்களிலும், அவற்றை ஒட்டிய விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர், சிவகாசி பகுதிகளிலும் இவை பரவலாக வளர்க்கப்படுகின்றன. சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயர். அதுவே இனத்தின் பெயராயிற்று. கன்னி என்னும் பெயருக்கு, மணமாகிச் செல்லும் பெண்ணுக்குச் சீதனமாக நாய்க்குட்டி கொடுத்த வழக்கத்தைக் காரணமாகச் சொல்வதுண்டு. கறுப்பு உடலும் பழுப்புக் கால்களும் கொண்டது கருங்கன்னி. வெளிர் நிறத்தது பால்கன்னி. சாம்பல், செவலை முதலிய நிறங்களில் இருப்பவற்றைச் சிப்பிப்பாறை என்பார்கள். உடலமைப்பில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இந்திய அரசின் தேசிய விலங்கு மரபணு வள வாரியம் சிப்பிப்பாறையையும் இராஜபாளையத்தையும் தனி நாய் இனங்களாகப் பதிவு செய்துள்ளது. 2020 ஆகத்து மாதம் பிரதமர் தம் வானொலி உரையில் இந்திய நாய்களை வளர்க்கும்படி கேட்டுக்கொண்டபோது கன்னி, சிப்பிப்பாறை ஆகியவற்றின் பெயர்களையும் குறிப்பிட்டார். கரிசல் காட்டைப் பார்த்திராத நகரத்து மக்களும் இக்குட்டிகளை வாங்கி வளர்க்கிறார்கள். இந்த வட்டாரத்தில் 'காடு' என்றால் மரம் அடர்ந்த வனம் அன்று. கம்பும் சோளமும் பருத்தியும் விளையும் திறந்த மானாவாரி நிலம். அந்த வெளியில் ஓடுவதற்கென்றே உருவான நாயை நான்கு சுவருக்குள் வளர்ப்பதில்தான் சிக்கல் எல்லாம் தொடங்குகிறது.

இனத்தின் இயல்பு

இவை மோப்பத்தைவிடப் பார்வையால் இரையைத் துரத்தும் வேட்டை நாய்கள். இங்கிலாந்தின் கிரேஹவுண்ட், மேற்காசியாவின் சலூக்கி ஆகியவற்றோடு ஒப்பிடத்தக்கவை. நீண்ட முகம், ஆழமான மார்பு, உள்ளடங்கிய வயிறு, நீண்ட கால்கள், குட்டையான மயிர், மிகக் குறைந்த கொழுப்பு ஆகியன இவற்றின் அடையாளங்கள். பின் விலா எலும்புகள் இரண்டு மூன்று வெளியே தெரிவது இந்நாய்களுக்கு இயல்பு. அதைப் பட்டினியின் அடையாளம் என்று நினைத்துச் சோற்றை அள்ளிப் போட்டு உப்ப வைப்பவர்கள் இருக்கிறார்கள். மூட்டும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும். முதுகெலும்பு கூர்மையாகத் துருத்தி, தொடைச் சதை வற்றியிருந்தால்தான் மெலிவு என்று கொள்ள வேண்டும்.

குணத்தில் இவை வீட்டாரிடம் அமைதியும் வெளியாரிடம் ஒதுக்கமும் உள்ளவை. அடிக்குப் பணிவதில்லை, அடித்தால் ஒன்று பதுங்கும், அல்லது கடிக்கும். உடலில் கொழுப்பு குறைவாக இருப்பதால் சில மயக்க மருந்துகளிலிருந்து இத்தகைய நாய்கள் தெளிய நேரமாகும். கருத்தடை போன்ற அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகும்போது 'இது கன்னி' அல்லது 'சிப்பிப்பாறை' என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உணவு

கம்பங்கூழும் சோளச்சோறும் மோரும் ஊற்றித்தான் கரிசல் ஊர்களில் இந்நாய்களை வளர்த்தார்கள். 'அந்தக் காலத்து நாய் கூழ் குடித்தே முயல் பிடித்தது' என்று இன்றும் சொல்வார்கள். பிடித்த முயலில் நாய்க்கும் ஒரு பங்கு கிடைத்தது என்பது அந்தப் பேச்சில் விடுபட்டுப் போகிறது. வயலில் எலி, ஓணான் என்று தானாகவும் தேடித் தின்றது. கூழ் மாவுச்சத்தைத் தந்தது. புரதம் காட்டிலிருந்து வந்தது. கட்டிப்போட்ட நாய்க்குக் கூழை மட்டும் ஊற்றினால் அது பழைய முறை ஆகாது, அதில் பாதிதான். வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி, ஈரல், முள் எடுத்த மீன் இவற்றில் ஏதேனும் ஒன்று தினமும் சேர வேண்டும். கம்பு, சோளத்தை நன்றாகக் குழைய வேகவைக்க வேண்டும்.

இரண்டு மாதக் குட்டிக்கு நாளுக்கு நான்கு வேளை, நான்கு மாதத்தில் மூன்று வேளை, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வேளை என்பது பொதுவான அளவு. பெரிய நாய்க்கு ஒரே வேளையில் ஒரு சட்டி நிறையக் கூழ் வைத்துவிட்டு ஓடவிடக் கூடாது. ஆழமான மார்புள்ள நாய்களுக்கு வயிறு காற்றடைத்து உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு; சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். சாப்பிட்டபின் இரண்டு மணி நேரமாவது ஓட்டம் கூடாது.

வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வெங்காயம் சேர்ந்த குழம்புச் சோறு நம் வீடுகளில் நாய்க்குப் போவது சாதாரணம் என்பதால் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். கருவாட்டில் உப்பு அதிகம்.

வெயிலும் சேறும் முள்ளும்

சித்திரை, வைகாசியில் கரிசல் நிலம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். நாய்க்கு மனிதரைப் போல வியர்வை இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. அதன் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியசு. 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. வெயில் காலத்தில் ஓட்டத்தை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வைத்துக்கொள்ள வேண்டும். புறங்கையைத் தார்ச்சாலையில் சில நொடி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: நமக்குப் பொறுக்காத சூடு அதன் பாதத்துக்கும் பொறுக்காது. தகரக் கொட்டகையின் கீழ் கட்டுவதைவிட வேப்பமர நிழலில் கட்டுவது மேல். மயங்கிச் சரியும் நாயின் வயிற்றிலும் பாதத்திலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, காற்றுப்படச் செய்து மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஐப்பசி மழையில் இதே மண் பசையாகிவிடும். விரலிடுக்கில் ஒட்டிக் காயும் கரிசல் உருண்டை கல்லைப்போல் உறுத்தும். கழுவாமல் விட்டால் புண்ணாகும். சீமைக் கருவேல முள் ஆண்டு முழுவதும் உண்டு. வெளியே போய் வந்ததும் நான்கு பாதங்களையும் தூக்கி விரலிடுக்கைப் பார்ப்பதைக் குட்டியிலேயே பழக்கிவிட்டால், பின்னால் முள் எடுக்கும்போது நாய் சீறாது.

உண்ணிக்கு இங்கே அதிகக் கவனம் தேவை. காதின் உட்புறம், கழுத்துப்பட்டையின் அடி, விரலிடுக்கு ஆகிய இடங்களில் ஒட்டி இரத்தம் குடிப்பதோடு, காய்ச்சலும் இரத்தச்சோகையும் உண்டாக்கும் நோய்களையும் அது பரப்புகிறது. சாப்பிடாமல் சுருண்டு கிடப்பதும் ஈறு வெளுப்பதும் முதல் அறிகுறிகள். பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நீரில் கலக்கி நாயின் மேல் பூசவே கூடாது. அது தோல் வழியாகவும், நாய் தன்னை நக்கும்போது வாய் வழியாகவும் உள்ளே போகும். எச்சில் ஒழுகுதல், உடல் நடுக்கம், வலிப்பு என்று தொடங்கி மூச்சு நின்றுவிடும். உண்ணிக்கென உள்ள மருந்தை எடைக்கேற்ற அளவில் கால்நடை மருத்துவர் சொல்வார். வட்டாரக் கால்நடை மருந்தகத்தில் தீராத நோய்க்குத் திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

தடுப்பூசியும் வெறிநோயும்

குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கக் கூடாது. ஒரு மாதத்திலேயே குட்டிகளை விற்றுவிடும் வழக்கம் உண்டு. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் கூடப்பிறந்த குட்டிகளோடு விளையாடித்தான் அது கற்கிறது. இரண்டாம் வாரத்திலிருந்து குடற்புழு மருந்து. ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி. பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் அதன் மறு ஊசிகள். பார்வோ வந்த குட்டி இரத்தமாகக் கழிந்து இரண்டு மூன்று நாளில் இறக்கக்கூடும்.

வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் போடப்படுகிறது. மருத்துவர் சொல்லும்போது மறு ஊசியும், பிறகு ஆண்டுதோறும் ஓர் ஊசியும் தேவை. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெரும் பங்கினர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ளவர்கள், பலர் சிறுவர்கள். அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம். ஆனால் கடித்தவுடன் செய்ய வேண்டியதைச் செய்தால் இந்நோயை முழுமையாகத் தடுக்கலாம்.

நாய் கடித்தாலும் பல் பட்டுக் கீறினாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் அப்பக் கூடாது. கடித்தது வீட்டு நாயாக இருந்தாலும், குட்டியாக இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்த ஊசி இலவசம். ஆழமான காயம் என்றால் காயத்தைச் சுற்றிலும் செலுத்தும் எதிர்ப்புரத மருந்தும் தேவை. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வது உண்மைதான். ஆனால் பத்து நாள் கழித்து ஊசி போடலாம் என்பது அதன் பொருள் அன்று. ஊசியை உடனே தொடங்க வேண்டும். அந்த நாய் பத்து நாள் நலமாக இருந்தால் மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார்.

பயிற்சி

மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரை குட்டி எதைக் கண்டு பழகுகிறதோ அதற்குப் பிற்காலத்தில் அஞ்சாது. இதே காலத்தில்தான் தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் விடக் கூடாது என்றும் சொல்கிறோம். இரண்டையும் ஒப்பேற்ற எளிய வழி, குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போவது. பேருந்து நிலையம், ஆட்டுக்கிடை, கோயில் கொட்டு, தலைப்பாகை கட்டிய ஆள், தலைக்கவசம் போட்ட ஆள் என எல்லாவற்றையும் கைக்குள் இருந்தபடியே பார்க்கட்டும். சிவகாசிக்கு இவ்வளவு அருகில் இருக்கும் ஊர்களில் வெடிச்சத்தம் தீபாவளிக்கு மட்டும் கேட்பதில்லை. குட்டி சாப்பிடும்போது பதிவு செய்த வெடிச்சத்தத்தை மெல்ல ஒலிக்கவிட்டு, நாளடைவில் கூட்டலாம். அஞ்சினால் குறைத்துவிட வேண்டும்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குட்டியை வெளியே ஒரே இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே இருந்தால் உடனே பாராட்டும் ஒரு துண்டு உணவும். வீட்டுக்குள் இருந்துவிட்டால் பேசாமல் துடைத்துவிடலாம். மூக்கை அதில் தேய்த்தால் குட்டி கற்பது ஒன்றே: நம் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்பது.

கட்டளைச் சொற்கள் நான்கு போதும்: வா, உக்காரு, இரு, விடு. வீட்டில் எல்லாரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். தாத்தா 'வா' என்றும் பேரன் 'இங்கிட்டு வாடா' என்றும் அம்மா 'ஏய் மணி' என்றும் கூப்பிட்டால் நாய் எதையும் சட்டை செய்யாது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. பரிசாக வேகவைத்த கோழியில் சுண்டுவிரல் நுனியளவு. கோவில்பட்டியில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது கடலைமிட்டாய்தான் என்றாலும், வெல்லப்பாகு நாய்க்கு வேண்டாம்.

இவற்றில் 'வா'தான் கன்னி, சிப்பிப்பாறை நாய்களுக்கு உயிர்காக்கும் சொல். ஓடும் ஆட்டுக்குட்டி, கோழி, மோட்டார் வண்டி எதுவாக இருந்தாலும் கண் அதைப் பிடித்தவுடன் கால் கிளம்பிவிடும், காது அடைத்துவிடும். பின்னால் ஓடிப் பிடிக்க எந்த மனிதராலும் ஆகாது. ஆகவே முதலில் வீட்டுக்குள், பிறகு முற்றத்தில், பிறகு பத்துப் பதினைந்து மீட்டர் நீளக் கயிற்றில் திறந்த வெளியில் என்று படிப்படியாகக் கூப்பிட்டுப் பழக்க வேண்டும். வந்த நாயை எக்காரணம் கொண்டும் அடிக்கக் கூடாது. அரை மணி தாமதமாக வந்தாலும் சரி. கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் சங்கிலியில் மாட்டினால் அதுவும் தண்டனையே. வரவழைத்து, உணவு கொடுத்து, பாதி தடவை மீண்டும் ஓடவிட வேண்டும்.

சங்கிலியும் காடும்

நாள் முழுதும் கட்டிக் கிடக்கும் கன்னி நாய் கழுத்துப்பட்டையை இழுத்து மயிர் உதிர்ந்து, ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி, கடைசியில் கிட்டே வருபவரைக் கடிக்கும். 'கோவக்கார நாய்' என்று பெயர் வாங்குபவற்றில் பலவற்றுக்கு ஓட்டம் இல்லாததுதான் நோய். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் விலங்கைக் கட்டுவதையும், வழக்கமாகக் கட்டி வைக்கும் நாய்க்கு உடற்பயிற்சி தராமல் விடுவதையும் குற்றமாகவே வகைப்படுத்துகிறது. காலையும் மாலையும் அரை மணி நேர நடையும், வாரத்தில் சில நாள் முழு வேக ஓட்டமும் கிடைத்தால் இதே நாய் மீதி நேரமெல்லாம் திண்ணையில் தூங்கும்.

அந்த ஓட்டத்தை வேட்டையாக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலை நாய் விட்டுப் பிடிப்பதும் தண்டனைக்குரியது. தூத்துக்குடி மாவட்டத்திலேயே வல்லநாட்டில் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. மான்கள் நடமாடும் இடத்தில் நாயை அவிழ்த்துவிடவே கூடாது. அறுவடை முடிந்த சொந்தக் காடோ, வேலியிட்ட தோட்டமோ ஓட்டத்துக்கு ஏற்றது. இறங்குமுன் அங்கே ஆடு மேய்கிறதா, மூடாத கிணறு இருக்கிறதா, பக்கத்துப் பருத்திக்கு அன்று மருந்து அடித்திருக்கிறார்களா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்க்கலாம். ஒரு நீளத் துணியைக் கயிற்றில் கட்டித் தரையோடு இழுத்து ஓடினால் போதும், நாய் முயலைத் துரத்தும் அதே வேகத்தில் அதைத் துரத்தும். இரண்டு மூன்று ஓட்டத்துக்குப் பின் தானே வந்து காலடியில் படுத்துக்கொள்ளும். அப்போது தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி, பாதத்தில் முள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.