பில்லில் வரும் கற்பனை எண்

உவரியிலிருந்து ராதாபுரம் பக்கம் போனால் காற்றாலைகள் கண்ணில் படும். ஆடிக் காற்றில் அவை மின்வாரியத்துக்கு மின்சாரத்தைக் கொட்டிக் கொடுக்கும். அதே மாதம் அவற்றின் உரிமையாளருக்கு ஒரு கட்டணமும் வரும்: ‘ரியாக்டிவ் பவர்’ இழுத்ததற்காக. பிளஸ் டூவில் படித்தோமே கற்பனை எண், அதற்குத்தான் அந்தக் காசு.

மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்துக்குப் பள்ளியில் ‘ஐ’ என்று எழுதினோம். 1777இல் கணித மேதை ஆய்லர் தொடங்கியது, இன்னொரு கணித மேதை காஸ் கையாண்டு நிலைத்தது. மின்பொறியியல் வகுப்பில் நுழைந்ததும் அதே எண் ‘ஜே’ ஆகிவிடும். மின்னோட்டம் ஏற்கெனவே ‘ஐ’யைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான் விஷயம். 1893இல் சிகாகோ மின்னியல் மாநாட்டில் மின்பொறியாளர் ஸ்டைன்மெட்ஸ், கற்பனை எண் சேர்ந்த கலப்பெண்களைக் கொண்டு மாறுமின்சாரக் கணக்குகளைப் போட்டுக் காட்டினார். அதுவரை வகைக்கெழுச் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டியவர்களுக்குப் பெருக்கலும் வகுத்தலும் போதும் என்றானது.

ஜேயால் பெருக்கினால் ஓர் அளவு கால் வட்டம் திரும்பும். இரண்டு முறை பெருக்கினால் எதிர்த்திசை. மைனஸ் ஒன்று அங்கேதான் பிறக்கிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி. மின்தடையே இல்லாத கம்பிச்சுருள் ஒன்று இருந்தால், அதில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குக் கால் சுற்று, அதாவது 5 மில்லிநொடி, பிந்தி வரும். அந்தத் தாமதத்தைக் குறிக்கத்தான் ஜே.

பழைய காற்றாலைகளில் இருப்பவை இண்டக்‌ஷன் ஜெனரேட்டர்கள். அவற்றுக்குச் சொந்தக் காந்தம் கிடையாது. காந்தமாவதற்கான மின்னோட்டத்தை, மின்சாரம் அனுப்பும் அதே கம்பி வழியாகவே வாங்கிக்கொள்ள வேண்டும். கால் சுற்று பிந்தி வரும் அந்த ஓட்டம், வாங்கிய ஆற்றலை உடனுக்குடன் திருப்பிக் கொடுத்துவிடும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். இதுதான் ரியாக்டிவ் பவர். ஆனால் ஓட்டம் நிஜம். கம்பியைச் சூடாக்கும், டிரான்ஸ்ஃபார்மரில் இடத்தை அடைக்கும், மின்னழுத்தத்தை இறக்கும். வாரியம் சும்மா விடுமா? மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வைத்த கணக்கு இது: ரியாக்டிவ் யூனிட்டுக்கு 25 காசு, நிகர உற்பத்தியில் பத்து சதவீதத்தைத் தாண்டி இழுத்தால் இரட்டிப்பு.

மாற்று மருந்தும் ஜேதான், குறி மட்டும் எதிர். கப்பாசிட்டரில் மின்னோட்டம் கால் சுற்று முந்தி ஓடும். காற்றாலையோடு கப்பாசிட்டர்களைச் சேர்த்துவிட்டால், கேட்கும் ஓட்டத்தில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும். கம்பிக்கு வேலை மிச்சம். காற்றுக் காலத்தில் கப்பாசிட்டர் ஒன்று பழுதானாலும் இறக்கை வழக்கம்போலச் சுற்றும். அடுத்த பில் வரும்போதுதான் தெரியும்.