தொட்டால் ஒட்டாத சொரசொரப்பு

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கடையில் பில் போடும் தம்பிக்கு மேல்கையின் வெளிப்புறம் முழுவதும் குருணை ஒட்டியதுபோலப் பொரிப்பொரியாக இருந்தது. இறகு பறித்த கோழித்தோல் என்றால் உங்களுக்கு விளங்கும். வாடிக்கையாளர் ஒருவர், "சொறி பிடித்த கையால் சாமான் கொடுக்கிறானே" என்று முகம் சுளித்தார். நானும் விசாரிக்காமல் அவனைக் கிட்டங்கிக்கு மாற்றிவிட்டேன். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு மூட்டை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஒரு வாரத்தில் அவன் தாயார் வந்தார். "எனக்கும் இருக்குதுய்யா, எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு. யாருக்கும் ஒட்டலையே" என்று தம் கையைக் காட்டினார். தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அந்த அம்மாள் சொன்னதே சரி.

இதற்குக் கெரட்டோசிஸ் பைலாரிஸ் என்று பெயர். தோலைக் காக்கும் கெரட்டின் என்னும் பொருள் அளவுக்கு மீறிச் சேர்ந்து மயிர்க்கால்களின் வாயை அடைத்துக்கொள்கிறது. அடைத்த இடம் புடைக்கிறது. கிருமியாலோ அழுக்காலோ வருவதல்ல. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. தொடையிலும், பிள்ளைகளுக்குக் கன்னத்திலும் வரும். வறண்ட குளிர்காலத்தில் கூடும். வயது ஏற ஏறப் பலருக்குக் குறைந்துவிடும்.

ஆனால் இரவில் அரிப்பு அதிகமாகி, விரல் இடுக்குகளிலும் பொரிந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் வந்தால் அது சிரங்காக இருக்கலாம். சிரங்கு தொற்றும். முழங்கை, முழங்காலில் முள்போல எழும்பி, பிள்ளையும் மெலிந்திருந்தால் சத்துக்குறைவா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மருத்துவரிடம் போவதே சரி.

பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்ப்பது நம்மவர் வழக்கம். தேய்க்கத் தேய்க்கச் சிவந்து இன்னும் மோசமாகும். வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, ஈரம் உலருமுன் களிம்பு தடவ வேண்டும். யூரியா அல்லது லாக்டிக் அமிலம் சேர்ந்த களிம்பு அடைப்பை மெல்ல இளக்கும். (யூரியா என்றதும் உர மூட்டையைப் பிரித்துவிடாதீர்கள், மருந்துக்கடையில் களிம்பாகவே கிடைக்கும்.) சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்டே தடவுங்கள். படைக்கும் சொறிக்கும் ஒரே மருந்து என்று யாரோ சொன்ன ஸ்டீராய்டு களிம்பை நாமாக வாங்கித் தடவினால் தோல் மெலிந்துபோகும்.

பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். நிறுத்தினால் திரும்ப வரும். அடியோடு தீர்க்கும் மருந்து இல்லை.

தம்பியை மறுநாளே பில் மேசைக்கு அழைத்துக்கொண்டேன். அரைக்கைச் சட்டை போட அவனுக்கு மேலும் ஆறு மாதம் ஆயிற்று.