இல்லாத எழுத்துகளின் சாட்சி

ஆய்வேட்டுக்குள் ஒரு நடை – 9

சென்ற மாதம் ஓர் ஆய்வு மாணவர் தம் மூன்றாம் இயலைக் கொண்டுவந்து கொடுத்தார். படிக்கும்போது எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ‘எனவே’ வரும் இடத்தையெல்லாம் பென்சிலால் சுழிப்பேன். பிறகு அதற்கு முந்தைய வரியையும் பிந்தைய வரியையும் மட்டும் படித்து, ஒன்றிலிருந்து மற்றது வருகிறதா என்று பார்ப்பேன். நாற்பது பக்கத்தில் முப்பத்தொரு சுழிப்பு. அவற்றில் பத்தொன்பது இடத்தில் ‘மேலும்’ என்று மாற்றிப் போட்டாலும் ஒரு குறையும் வராது. “மேற்கோள் நிறையக் காட்டியிருக்கேனே சார்” என்றார். காட்டியிருந்தார், பாவம். பக்கத்துக்கு நான்கு அடிக்குறிப்பு. சுவர் எழுப்பாமல் செங்கல்லை மட்டும் இறக்கி வைத்திருந்தார்.

நூறு ஆண்டு பழைய கட்டுரை ஒன்றைப் படிக்கச் சொல்லி அனுப்பினேன். அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

மதுரையைச் சுற்றியுள்ள மாங்குளம், அழகர்மலை, கீழவளவு குன்றுகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும். இயற்கையான குகைகள். உள்ளே பாறையைச் செதுக்கி வழவழப்பாக்கிய படுக்கைகள். தலைமாட்டில் தலையணைபோல் சிறு மேடு. மழைநீர் உள்ளே வழியாதபடி குகையின் நெற்றியில் ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள். அதையொட்டியோ படுக்கையின் ஓரத்திலோ ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி எழுத்து. சமணத் துறவியர் தங்கிய இடங்கள். மாங்குளத்து எழுத்தை ராபர்ட் சுவெல் 1882லேயே கண்டுவிட்டார். எழுத்து அசோகர் காலத்துப் பிராமியைப் போல இருந்தது. ஆகவே மொழியும் பாலியாகவோ பிராகிருதமாகவோ இருக்கும் என்ற எண்ணமே அன்றைய அறிஞர்களிடம் மேலோங்கியிருந்தது.

அந்த ‘ஆகவே’யைச் சுழித்துக்கொள்ளுங்கள். எழுத்து ஒன்று என்பதால் மொழியும் ஒன்றாகிவிடுமா? மராத்தியும் இந்தியும் ஒரே எழுத்தில்தானே எழுதப்படுகின்றன? மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவையியல் சொல்லிக்கொடுக்கிறார். நாம் நிறுவ வருவது பக்கம். அதைத் தாங்கும் காரணம் ஏது. காரணம்போலத் தோன்றி எதையும் தாங்காமல் நிற்பது ஏதுப்போலி. ‘பிராமியில் எழுதியிருக்கிறது, ஆகவே பிராகிருதம்’ என்பது நல்ல கொழுத்த ஏதுப்போலி.

1919இல் பூனாவில் நடந்த முதல் அனைத்திந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் எச். கிருஷ்ண சாஸ்திரி இந்தக் குகை எழுத்துகளில் சில தமிழ்ச் சொற்களைக் கண்டுகாட்டினார். ஆனால் சில சொற்கள் தமிழ் என்பதால் மொழியே தமிழ் என்று ஆகிவிடாது. அடுத்த அடியை எடுத்துவைத்தவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். 1924இல் சென்னையில் கூடிய மூன்றாம் மாநாட்டில் பாண்டிய நாட்டின் பழஞ்சின்னங்களைப் பற்றி அவர் வாசித்த கட்டுரை, அந்த எழுத்துகளில் என்ன இருக்கிறது என்பதோடு என்ன இல்லை என்பதையும் பார்த்தது.

பம்பரம் என்று வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள். முதல் ‘ப’வின் ஒலி வேறு, இரண்டாவது ‘ப’வின் ஒலி வேறு. தமிழ் இரண்டுக்கும் ஒரே எழுத்தை வைத்துச் சமாளித்துக்கொள்கிறது. பிராகிருதத்துக்கு அது கட்டுப்படியாகாது. அங்கே இரண்டும் இரண்டு எழுத்து, மாற்றிப் போட்டால் பொருளே மாறிவிடும். பிராமியில் அந்த இரண்டாவது ஒலிகளுக்கும், மூச்சு சேர்த்துச் சொல்லும் ஒலிகளுக்கும் தனி எழுத்துகள் தயாராக இருந்தன. குகையில் உளி பிடித்தவர்கள் அவற்றைத் தொடவே இல்லை எனலாம். தொட்டது வேறு: பிராமி நெடுங்கணக்கில் இல்லாத ழ, ற, ன போன்ற ஒலிகளுக்குப் புதுக் குறிகளைச் செய்துகொண்டார்கள். கையிலிருந்ததை விட்டுவிட்டு இல்லாததைச் செய்துகொள்ள வேண்டிய கட்டாயம் எந்த மொழிக்காரருக்கு வரும்?

‘இல்லை’ என்பதைச் சான்றாக்குவதில் ஓர் ஆபத்து உண்டு. எப்போதும் ஓட்டலில் சாப்பிடுகிறவர் வீட்டில் அரிவாள்மணை இல்லையென்றால் அது ஒரு செய்தியே இல்லை. கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் இல்லையென்றால் விசாரிக்க வேண்டியதுதான். இருந்தே ஆகவேண்டிய இடத்தில் இல்லாதபோதுதான் இல்லாமை பேசும். ஒரே ஒரு குகை வரியில் அந்த எழுத்துகள் வரவில்லையென்றால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். குன்றுக்குக் குன்று, வரிக்கு வரி வராமலிருப்பதைத் தள்ள முடியாது. பிராகிருதத்தில் பத்து வரி அப்படி எழுதிவிட முடியாது. நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை என்று எதிர்மறையாலும் நிறுவுகிற பழைய முறைதான் இது.

எதிர்ச்சான்று இல்லாமலில்லை. மாங்குளத்தில் ‘தம்மம்’ என்ற சொல்லின் முதலெழுத்து பிராகிருதத்துக்குரிய மூச்சொலி எழுத்திலேயே வெட்டப்பட்டிருக்கிறது. ஸகரமும் அங்கங்கே தலைகாட்டுகிறது. ஆய்வேட்டில் பலர் இத்தகைய இடங்களைப் பாய்க்கு அடியில் தள்ளிவிடுவார்கள். தேர்வாளர் பாயைத் தூக்கித்தான் பார்ப்பார். இவை எங்கே வருகின்றன என்று கவனித்தால் விடை அங்கேயே கிடைக்கிறது: சமயத்தோடு வந்த சொற்களிலும் வடக்கத்திப் பெயர்களிலும். ‘பஸ் வந்துவிட்டது’ என்று எழுதினால் அந்த ‘ஸ்’ஸுக்காக வாக்கியம் ஆங்கிலமாகிவிடுவதில்லையே.

மொழி தமிழ் என்று ஆனபிறகும் வாசிப்பு இடறிக்கொண்டே இருந்தது. மகன் என்று இருக்கவேண்டிய இடத்தில், அசோகர் எழுத்தைப் படிக்கிற முறையில் படித்தால் ‘மாகான’ என்று வரும். இப்படியொரு தமிழை யார் பேசியிருப்பார்கள்? கல்தச்சனுக்கு எழுத்துப் பிழை என்று சொல்லித் தப்பிக்கலாம். எல்லாக் குகையிலும் ஒரே மாதிரிப் பிழை விடுகிற தச்சர்கள்!

1960களில் இந்தச் சிக்கலைக் கையிலெடுத்தவர் ஐராவதம் மகாதேவன், இந்திய ஆட்சிப் பணியில் இருந்த அதிகாரி. பிழை என்று தள்ளாமல் அதையே விதியாக எடுத்துக்கொண்டார். இந்த முறையில் குறி ஏதும் சேராத எழுத்து தனி மெய். ஆ-காரக் கோடு போட்டிருந்தால் அது அ-வாகவும் இருக்கலாம், ஆ-வாகவும் இருக்கலாம். இப்போது ‘மாகான’வை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு எழுத்திலும் கோடு இருக்கிறது: ம, க. மூன்றாவதில் இல்லை: ன். மகன்.

வேண்டிய விடைக்காக விதி செய்வது யாருக்கும் எளிது. மகாதேவனின் விதிக்கு வெளியிலிருந்தும் ஆதரவு இருந்தது. ஆந்திரத்தின் பட்டிப்ரோலுவில் பௌத்தத் தாதுப் பேழைகளில் உள்ள எழுத்திலும், மொழி பிராகிருதமாக இருந்தும், வெறும் எழுத்து மெய்யாகவே நிற்கிறது. அகரத்துக்குக் கோடு தேவைப்படுகிறது. பிற்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்யின்மேல் புள்ளி ஏறுவதும் இதே குழப்பத்தைத் தீர்க்கத்தான். 1965இல் மாங்குளத்தில் நெடுஞ்செழியன் என்ற பெயரை அவர் படித்தார். கரூர் அருகே புகளூரில் தந்தை, மகன், பேரன் என மூன்று தலைமுறைச் சேரர் பெயர்கள், பதிற்றுப்பத்து அரசர் வரிசையோடு பொருந்தி வந்தன. எல்லாம் சேர்ந்து 2003இல் பெரிய நூலாக வெளிவந்தது.

என்ன மொழி, எப்படிப் படிப்பது என்ற இரண்டும் ஒருவாறு தீர்ந்தன. எவ்வளவு பழையது என்பதில் மட்டும் சண்டை ஓயவில்லை. பழனி அருகே பொருந்தலில் ஓர் ஈமக்குழியில் நாலுகால் சாடி நிறைய நெல் கிடைத்தது. அதே குழியில் தமிழ்ப் பிராமி எழுத்து கீறிய பிரிமனை ஒன்றும் கிடைத்தது. நெல்லை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள்; கி.மு. 490 என்று வந்தது. நெல்லின் வயதுதான் எழுத்தின் வயதுமா?

(அடுத்த வாரம் பொருந்தலில்)