எனக்கு மனுஷனை வரைய வராது அக்கா!

வி.பி.எஸ். பேனர், கிறிஸ்துமஸ் நாடகத் திரை என்று எது வந்தாலும் தேராவில் நம் பிள்ளைகள் பெயின்ட்டும் பிரஷ்ஷுமாக வந்து நிற்பார்கள். பேரீச்ச மரம், ஒட்டகம், படகு எல்லாம் அழகாக வரும். மேய்ப்பனை வரையச் சொன்னால்தான் தயக்கம். முகம் ஓரளவு வந்துவிடும். கைகள் முதுகுக்குப் பின்னால் போய்விடும், பாதங்களைப் புல் மூடிவிடும். கடைசியில், "எனக்கு மனுஷனை வரைய வராது அக்கா" என்று பேப்பரை மடித்து வைத்துவிடுவார்கள்.

தம்பி தங்கைகளே, இது பழகினால் வரும். அதற்கு இரண்டு வேண்டும்: கண்முன் வைத்துப் பார்க்க ஒரு ரெஃபரன்ஸ், வரைந்ததைப் பார்த்து உள்ளதைச் சொல்ல இன்னொருவர்.

மனதில் இருக்கும் மனிதன்

பார்க்காமல் வரைந்தால், நாம் மனதில் வைத்திருக்கும் மனிதனையே வரைவோம். கண்களைத் தலையின் மேல்பகுதியில் வைத்துவிடுவோம். கண்ணாடி முன் நின்று விரலால் அளந்து பாருங்கள். உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிபாதியில் கண் இருக்கும். பெரியவர் ஒருவரின் உயரம் அவருடைய தலையைப் போல் ஏறக்குறைய 7½ மடங்கு. பிறந்த குழந்தைக்கோ 4 மடங்குதான். தீக்காயத்தின் அளவைக் கணக்கிடும்போதும் இதை நாங்கள் மறக்க முடியாது. பெரியவருக்குத் தலை, உடல் பரப்பில் 9 சதவீதம். கைக்குழந்தைக்கு 18 சதவீதம். பெரியவரைச் சிறிதாக்கி வரைந்தால் அது குழந்தை ஆகாது. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி ஏறக்குறைய உங்கள் உயரம் வரும். எழுந்து நிற்க முடியாத நோயாளியின் உயரத்தைக் கை நீளத்தைக் கொண்டுதான் கணக்கிடுகிறோம்.

ஆனால் அளவு மட்டும் போதாது. மூச்சுத் திணறும் ஒருவர் முன்னால் குனிந்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்காருவார். அவர் வாய் திறக்கும் முன்பே அவர் தோள்கள் எங்களிடம் சொல்லிவிடும். அந்தத் தோள்களைப் பார்த்தவர்தான் அவரை வரைய முடியும்.

பெரிய கலைஞர்களும் பார்த்தே வரைந்தார்கள்

நர்சிங், மருத்துவம் படிக்கிறவர்களுக்கு கிரே'ஸ் அனாடமி என்ற புத்தகம் தெரிந்திருக்கும். 1858-ல் வெளிவந்த அதன் படங்களை வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்ற மருத்துவர். அறுத்து ஆராய்ந்த உடல்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். அதே ஆண்டில் பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். நம் மதுரையின் பெயரால் 'மதுரா பாதம்' என்று அழைக்கப்படும் நோயைப் பற்றி 1874-ல் ஒரு நூலும் வெளியிட்டார்.

சென்னையில் 1850-ல் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டரும் ஒரு மருத்துவர்தான். இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரி. அங்கே படித்தவர் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த கே. எம். ஆதிமூலம். 1969-ல் காந்தி நூற்றாண்டின்போது காந்தியைக் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் ஏறக்குறைய நூறு படங்களாக வரைந்தார். காந்தி மறைந்தபோது ஆதிமூலம் சிறுவன். புகைப்படங்களை வைத்துத்தான் வரைந்தார். ஆனாலும் அந்தக் கோடுகள் அவருடைய சொந்தக் கோடுகள். ரெஃபரன்ஸ் பார்ப்பது வேறு, மேலே தாள் வைத்து நகலெடுப்பது வேறு.

தேராவில் எதைப் பார்த்து வரைவது?

க்ரீக் கரைக்குப் போங்கள். மரக்கப்பலில் மூட்டை ஏற்றுகிறவரின் முதுகு எப்படி வளைகிறது? அப்ராவில் உட்கார்ந்திருப்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார்? ஒரு சிறிய நோட்டு, ஒரு பென்சில், ஓர் ஆளுக்கு 30 விநாடி. முகம் வேண்டாம், விரல் வேண்டாம். தலை, முதுகெலும்பு, எடை தாங்கும் கால் மட்டும் போதும். அவர் நகர்ந்துவிட்டால் அடுத்தவர்.

போனை மட்டும் எடுக்காதீர்கள். அனுமதியில்லாமல் பிறரைப் படம் பிடிப்பது இந்த நாட்டில் குற்றம். வெயிலில் உழைத்துக் களைத்திருப்பவர் நமக்கு வேடிக்கைப் பொருளும் அல்ல. நின்று நிதானமாக வரைய ஆள் வேண்டுமானால் வீட்டிலேயே இருக்கிறார்களே! தம்பியைப் போர்வை போர்த்தி மேய்ப்பனாக நிறுத்துங்கள். கை வரைய உங்கள் இடது கையே போதும். இணையத்தில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தால், யாருடைய படம் என்று கீழே எழுதிவிடுங்கள்.

காட்டுங்கள், கேளுங்கள்

பலர் நின்றுவிடுவது இங்கேதான். யாராவது சிரித்துவிட்டால்? வாட்ஸ்அப் குழுவில் போட்டால் "சூப்பர்" என்று பத்துப் பேர் சொல்வார்கள். கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் அடுத்த படம் அதனால் மாறாது. ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்சிடம் நாங்கள் "நல்லா இருக்கார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதில்லை. வலி எங்கே, எவ்வளவு, எப்போதிலிருந்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறோம். படத்துக்கும் அப்படியே.

கேட்கிறவர் குறிப்பாகக் கேட்கட்டும்: "இவர் நிற்கிறாரா, விழுகிறாரா?" ரெஃபரன்ஸையும் பக்கத்தில் வைக்கட்டும். சொல்கிறவர் முதலில் சரியாக வந்ததைச் சொல்லட்டும். பிறகு ஒரே ஒரு திருத்தம்: "படத்தில் இடது தோள் தாழ்ந்திருக்கிறது, நீ இரண்டையும் சமமாகப் போட்டிருக்கிறாய்." அப்போது பேச்சு தோளைப் பற்றியது, வரைந்தவரைப் பற்றியது அல்ல. கேட்டவர் சமாதானம் சொல்லாமல், அதே உருவத்தைப் புதுத் தாளில் மறுபடி வரையட்டும். பக்கத்தில் யாரும் இல்லையா? படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். இதுவரை கண்ணுக்குத் தப்பிய கோணல் தெரிந்துவிடும்.

நாளைக்கு ஐந்து உருவம் என்றால் ஒரு மாதத்தில் 150. அவற்றில் நன்றாக வந்த ஒன்றையும், சரியாக வராத இரண்டையும் வாலிபர் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து பார்ப்போம். இந்த ஆண்டு கிறிஸ்துமஸ் திரையில் மேய்ப்பர்களின் கைகள் வெளியே தெரியட்டும்!