இறைவன் இன்றும் பேசுகின்றானா?
நெல்லைச் சீமையின் ஒரு வரலாற்றை முன்வைத்துச் சில சிந்தனைகள்

‘அகாயித் நஸஃபிய்யா’வின் விரிவுரையை நாம் பாடம் நடத்தும்போது, மாணவர் எவரேனும் இவ்வினாவை எழுப்பாமல் இருப்பதில்லை: “எங்கள் அண்டை வீட்டார் கிறிஸ்தவர். ‘ஜெபத்தில் ஆண்டவர் என்னோடு பேசினார்’ என்று அடிக்கடி கூறுகிறார். நபித்துவம் நிறைவுற்றது என்பது நம் ஈமான். அவ்வாறாயின் அவர் சொல்வது பொய்யா, மனமயக்கமா, ஷைத்தானின் ஊசலாட்டமா?” மேலப்பாளையத்திலிருந்து ஆற்றைக் கடக்காமலேயே பாளையங்கோட்டையின் ஊசிக்கோபுரத்தை அடையக்கூடிய ஊரில் இவ்வினா எழுவது இயல்பே. விடையளிக்குமுன் இச்சீமையின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலம்.

இக்கேள்வி கிறிஸ்தவர்களிடையேயும் தீராத விவாதமாக இருந்து வருகிறது. தீர்க்கதரிசனம், அந்நிய பாஷை முதலிய வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுவிட்டன, இனி வேதமே போதும் என்பார் ஒருசாரார். பரிசுத்த ஆவியானவர் இன்றும் அவற்றை அருளுகிறார் என்பார் மறுசாரார். இப்பிற்சாரார் கருத்து 1906ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து உலகெங்கும் பரவியதென்பர். ஆனால் அதற்கு 46 ஆண்டுகள் முன்னரே நம் நெல்லைச் சீமை அதனைக் கண்டுவிட்டது.

உக்கிரன்கோட்டையில் 1810இல் பிறந்தவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். பாளையங்கோட்டையில் பணியாற்றிய ஜெர்மானியப் பாதிரியார் ரேனியஸிடம் கற்றவர். பக்தாதில் ஊழியம் செய்துவிட்டு இந்தியா வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரின் தொடர்பால், எந்தச் சங்கத்தின் சம்பளத்தையும் பெறாமல் இறைவனையே நம்பி வாழத் துணிந்தார். நம் வழக்கில் இதனைத் தவக்குல் எனலாம். அவர் நிறுவிய கிறிஸ்தியான்பேட்டையில் 1860இல் பெரும் எழுப்புதல் ஒன்று தோன்றித் திருநெல்வேலிச் சபைகளுக்கும் பரவிற்று. மக்கள் பாவங்களை அறிக்கையிட்டு அழுதனர், கனவும் காட்சியும் கண்டதாகக் கூறினர், அறியாத மொழிகளில் பேசினர், தீர்க்கதரிசனம் உரைத்தனர். ஐரோப்பிய மிஷனரிகளுள் சிலர் இதனை ஐயத்தோடு நோக்கினர்; சிலர் மக்களின் வாழ்வில் விளைந்த திருத்தத்தைக் கண்டு மகிழ்ந்தனர்.

ஆயினும் இத்தகைய அனுபவத்தின் பெயரால் கூறப்படுவனவெல்லாம் நிலைத்து நிற்பதில்லை. மலைக்கு அப்பால் திருவிதாங்கூரில் எழுந்த எழுப்புதல் இயக்கத்தின் தலைவர் யுஸ்துஸ் யோசேப்பு, 1881இல் கிறிஸ்து மீண்டும் வருவார் என முன்னறிவித்தார். அவ்வாண்டு வந்தது, கழிந்தது, முன்னறிவிப்பு பொய்த்தது.

மற்றொரு வகையும் உண்டு. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா, 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாமே ஊழியர்களை அனுப்பித் தாங்குவதைக் கண்டு உள்ளம் உறுத்தப்பட்டார். அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றிற்று. பின்னர் தாமே ஊழியராகத் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் சென்று, 1912இல் அங்கே பேராயரானார். இங்கே காட்சியின் ஆரவாரமில்லை. ஓர் உள்ளத்தில் பதிந்த கடமையுணர்வும் அதற்கு ஒப்புக்கொடுத்த ஒரு வாழ்வுமே உண்டு. அவர் சமூகத்தார் இதனையும் இறையழைப்பு என்றே கூறுவர்.

இவற்றை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? திருக்குர்ஆன் ‘வஹீ’ என்னும் சொல்லை நபிமார்களுக்கு மட்டும் ஒதுக்கவில்லை. மூஸா (அலை) அவர்களின் தாயாருக்கும் (28:7), தேனீக்கும் (16:68) அச்சொல் ஆளப்பட்டுள்ளது. ஈஸா (அலை) அவர்களின் சீடர்களான ஹவாரிய்யூன்களைப் பற்றியும் அதே வினைச்சொல்லே வருகின்றது (5:111). ஒவ்வோர் ஆன்மாவுக்கும் அதன் தீமையும் இறையச்சமும் உணர்த்தப்பட்டிருப்பதை அஷ்ஷம்ஸ் அத்தியாயம் (91:8) கூறுகிறது; ‘இல்ஹாம்’ என்னும் சொல்லுக்கு வேர் அங்கேதான் உள்ளது. அவ்வுணர்த்தல் முஸ்லிமின் ஆன்மாவுக்கு மட்டும் உரியதென அவ்வசனம் வரையறுக்கவில்லை.

கனவைப் பொறுத்தும் அவ்வாறே. யூஸுஃப் (அலை) அவர்கள் விளக்கமளித்த மெய்க்கனவைக் கண்டவன் எகிப்தின் மன்னன். சிறைவாசிகளும் இணைவைப்போரும் காணும் கனவுகளுக்கென்றே இமாம் புகாரீ (ரஹ்) தம் நூலில் தனித் தலைப்பொன்று அமைத்துள்ளார்கள். பனூ இஸ்ராயீலரிடையே நபிமாராக இல்லாமலேயே பேசப்பட்டோர் இருந்தனர் என்றும், இந்த உம்மத்தில் அத்தகையோர் உண்டெனில் அவர் உமர் (ரலி) என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அந்நூலில் காண்கிறோம்.

ஆனால், அந்த உமர் (ரலி) அவர்களே ஹுதைபிய்யா உடன்படிக்கையின்போது தம் கருத்தில் தவறினார்கள்; நபி (ஸல்) அவர்களின் தீர்ப்புக்கும் அபூபக்கர் (ரலி) அவர்களின் சொல்லுக்கும் தலைவணங்கினார்கள். உள்ளத்தில் உதிப்பதெல்லாம் இறைவனிடமிருந்து வருவதன்று. கனவுகளுள் இறைவனின் நற்செய்தியும் உண்டு, ஷைத்தானின் அச்சுறுத்தலும் உண்டு, மனம் தன்னோடு பேசிக்கொள்வதும் உண்டு என்பது ஹதீஸ். ஷைத்தான்களும் தம் தோழர்களுக்கு ‘வஹீ’ அறிவிக்கின்றன என்று குர்ஆனே (6:121) எச்சரிக்கின்றது.

ஆகவேதான் ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் மறைந்த இமாம் நஸஃபீ, இல்ஹாமை அறிவின் காரணங்களுள் ஒன்றாக ஏற்கவில்லை. அதற்கு விரிவுரை கண்ட தஃப்தாஸானீ நுட்பமான விளக்கம் ஒன்று தருகிறார். இல்ஹாமால் ஒருவருக்கு அறிவு உண்டாகலாம். ஆனால் அது பொதுமக்களுக்கு அறிவு தரும் வழியன்று, பிறர்மீது ஆதாரமாகச் சுமத்தத்தக்கதும் அன்று. மாணவரின் வினாவுக்கு விடை இங்கேயே உள்ளது. அண்டை வீட்டாரின் உள்ளத்தில் இறைவன் எதனையும் உணர்த்தவே மாட்டான் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அவர் உணர்ந்ததை நம்மீது ஆதாரமாக வைக்க அவருக்கும் உரிமையில்லை.

கிறிஸ்தவ வேதமும் சோதனையை வலியுறுத்துவது கருதத்தக்கது. தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாமலும், எல்லாவற்றையும் சோதித்து நல்லதைப் பற்றிக்கொள்ளுமாறும் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதுகிறார். எந்த ஆவியையும் சோதியாமல் நம்பலாகாது என்கிறது யோவானின் முதல் நிருபம். 1881இன் முன்னறிவிப்பைக் காலமே சோதித்தது. அசரியாவின் அழைப்பை அவர் உழைப்பைக் கொண்டு அவர் சபையார் எடைபோட்டனர்.

கருத்து வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் பரிசுத்த ஆவியை இறைவனே என நம்புகின்றனர். நமக்கு ரூஹுல் குதுஸ் என்பது ஜிப்ரீல் (அலை) அவர்களே. எந்தக் கனவும் தவ்ஹீதை மாற்றாது. எனினும் ஓர் அனுபவத்திற்குத் தரப்படும் விளக்கத்தை மறுப்பது வேறு. அனுபவித்தவனைப் பொய்யன் என்பது வேறு. முன்னது நம் அகீதா. பின்னது நமக்குத் தெரியாததைப் பற்றிய தீர்ப்பு.

இதே அளவுகோலை நம் வீட்டிலும் வைத்துப் பார்த்தல் வேண்டும். ‘கனவில் உத்தரவாயிற்று’ என்னும் ஒரு சொல்லால் நம்மிடையே எத்தனை காணிக்கைகள் திரட்டப்பட்டுள்ளன! எத்தனை குடும்பங்கள் பிரிக்கப்பட்டுள்ளன! அண்டை வீட்டாரின் கனவை எடைபோட முந்தும் நாம், நம்மவர் கனவுக்குத் தராசையே எடுப்பதில்லை. இறைவன் பேசினான் என்று ஒருவர் கூறும்போது கேட்க வேண்டிய முதற்கேள்வி, அவர் எச்சமயத்தார் என்பதன்று. அச்சொல்லைச் சோதனைக்கு உட்படுத்த அவர் இசைகிறாரா என்பதே. இசைபவரிடம் நாம் உரையாடலாம். இசையாதவர் எவராயினும், நம் ஜமாஅத்தைச் சார்ந்தவரேயாயினும், அவரிடம் எச்சரிக்கையாகவே இருத்தல் வேண்டும்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.